ரோஸ்மேரி பிரவுன்: ஒரு வாழ்க்கையும் ஒரு கேள்வியும்

(முன்னாள் மாணவியர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "அக்கா, இந்த வருஷம் நீங்கதான் பேசணும். பிள்ளைகளுக்குப் பயன்படற மாதிரி இருக்கணும்" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டேன். "வெளிநாட்டுக்குப் போய் சாதிச்ச பெண் யாரைப் பத்தியாவது பேசுங்களேன். பைனல் இயர் பிள்ளைங்க பலபேர் வெளிநாட்டுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார்.

நம் நாட்டிலிருந்து போய்ப் பெயர் வாங்கிய பெண்களை உங்களுக்கே தெரியும். அவர்களைப் பற்றி நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. அதனால், உங்களில் அநேகமாக யாருமே கேள்விப்பட்டிராத ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவர் நம் நாட்டுக்காரர் கிடையாது. ஜமைக்காவில் பிறந்தவர். கனடாவுக்குப் படிக்கப் போனவர். அங்கேயே தங்கி, சமூகப் பணியாளராகி, சட்டமன்ற உறுப்பினராகி, பிறகு பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். பெயர் ரோஸ்மேரி பிரவுன்.

எனக்கு அவரைத் தெரிந்தது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் கனடாவில், வான்கூவரை ஒட்டிய பர்னபி என்ற ஊரில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது பேரனை ஐஸ் ஸ்கேட்டிங் வகுப்புக்குக் கூட்டிப் போவது என் வேலை. நம்மூரில் பாட்டிகள் பேரனை டியூஷனுக்குக் கூட்டிப் போவது மாதிரிதான். புதிதாகக் கட்டிய பெரிய கட்டடம். உள்ளே இரண்டு பனித்தளங்கள். வாசலில் ரோஸ்மேரி பிரவுன் என்று பெயர். "பாட்டி, இது யாரு?" என்று கேட்டான். "தெரியலையேடா கண்ணா" என்றேன். முப்பது வருஷம் சமூகப் பணி பாடம் நடத்தியவள் நான். ஒரு சமூகப் பணியாளரின் பெயரைத் தாங்கிய கட்டடத்தின் வாசலில் நின்று "தெரியலை" என்று சொல்லியிருக்கிறேன் என்பது, வீட்டுக்குப் போய் மகளிடம் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அவள் அந்த ஊர் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டாள். 1989இல் ரோஸ்மேரி எழுதி வெளியிட்ட சுயசரிதை, 'பீயிங் பிரவுன்'. அதில் ஒரு இடத்தில் என்னால் மேலே படிக்க முடியாமல் நின்றுவிட்டேன். அது எந்த இடம் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

ரோஸ்மேரி 1930இல் கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகளுக்கு கிங்ஸ்டன் என்றால் சபைனா பார்க் மைதானம் ஞாபகம் வரும், அதே ஊர்தான். அப்போது அவர் பெயர் ரோஸ்மேரி வெட்டர்பர்ன். சிறுவயதிலேயே தந்தை இறந்துவிட, பாட்டி, அத்தை, சித்தி என்று பெண்கள் நிறைந்த குடும்பத்தில் வளர்ந்தார். பாட்டி நாட்டு நடப்பு தெரிந்தவர், கண்டிப்பானவர். ஜமைக்கா அன்று பிரிட்டிஷ் காலனி. வயது வந்த எல்லோருக்கும் அங்கே ஓட்டுரிமை வந்தது 1944இல். ரோஸ்மேரிக்கு அப்போது 14 வயது. அரசியல் என்பது ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது என்ற எண்ணமே அவருக்கு வராதபடி அந்த வீடு இருந்தது.

1950களின் தொடக்கத்தில் கனடாவில் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புகழ்பெற்ற பல்கலைக்கழகம். பெண்களுக்கென்று நல்ல விடுதி. அங்கே மற்ற மாணவிகள் அறையைப் பகிர்ந்துகொண்டிருக்க, இவருக்கு மட்டும் தனி அறை. தனி அறை கிடைத்தால் நாமெல்லாம் சந்தோஷப்படுவோம். ஆனால் காரணம் வேறு: இவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள யாரும் முன்வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலும் அதே கதைதான். இவர் தட்டோடு போய் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அந்த மேசைக்கு மற்றவர்கள் வரத் தயங்கினார்கள். யாரும் திட்டவில்லை, கேலி செய்யவில்லை, 'எழுந்து போ' என்று சொல்லவில்லை. எல்லாம் மிகவும் நாகரிகமாகவே நடந்தது.

நான் புத்தகத்தை மூடி வைத்த இடம் இதுதான்.

தோழியரே, நம் விடுதி மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். 1973இல் நான் இங்கே பி.ஏ. சேர்ந்தேன். நீளமான கூடம், மரப் பெஞ்சுகள், எவர்சில்வர் தட்டு, வெள்ளிக்கிழமை என்றால் பாயசம். எங்கள் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். அவள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். அரசாங்க உதவித்தொகையில் படித்தவள். ஊரில் அவள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது இரண்டாவது நாளே விடுதி முழுக்கத் தெரிந்துபோயிற்று. அது எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவள் கடைசிப் பெஞ்சில் சாப்பிட்டாள். அந்தப் பெஞ்சில் எப்போதும் இடம் இருந்தது. மற்றப் பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவளை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "எங்க ஹாஸ்டல்ல எந்த வித்தியாசமும் கிடையாது" என்றுதான் எல்லோரும் வீட்டுக்குக் கடிதம் எழுதினோம். நானும் எழுதினேன். ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்தப் பெஞ்சில் போய் உட்காரவில்லை. இரண்டாம் ஆண்டு அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை.

ஆண்டு விழாவில் இதை ஏன் பேசுகிறேன் என்று சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ரோஸ்மேரி பிரவுனின் கதையைச் சாதித்த பெண்ணின் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சாதித்தவர் கதையைப் படிக்கும்போது நாம் எல்லோரும் நம்மைச் சாதித்தவர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் ரோஸ்மேரி ஒருவர்தான். வேறு மேசைக்குப் போனவர்கள் பல பேர். நான் அந்தப் பல பேரில் ஒருத்தி.

சரி, அவருடைய கதைக்கு வருவோம்.

மெக்கில்லில் பட்டம் பெற்று, 1955இல் பில் பிரவுன் என்பவரைத் திருமணம் செய்துகொண்டு, கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவருக்கு வந்தார். கணவர் அங்கே மருத்துவம் படித்து, பிற்காலத்தில் மனநல மருத்துவர் ஆனவர். படித்த தம்பதி. ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. வேலையும் எளிதாகக் கிடைக்கவில்லை. "வீடு காலியா?" என்றால் "காலிதான்", ஆளைப் பார்த்தபின் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டார்". இந்த வசனத்தை நம் ஊர் வீட்டுக்காரர்களிடமும் பலர் கேட்டிருப்பீர்கள். நிறத்தைக் காரணம் காட்டி வீடு மறுத்தால், போய் முறையிட அன்று அங்கே ஒழுங்கான சட்டம் கிடையாது.

வான்கூவர் இருக்கும் மாகாணத்தின் பெயர் பிரிட்டிஷ் கொலம்பியா. இந்தியர்களான நமக்கும் அந்த மண்ணோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1914இல் கோமகாட்டா மாரு என்ற கப்பலில் பெரும்பாலும் பஞ்சாபியரான 376 பேர் வான்கூவர் துறைமுகத்துக்குப் போனார்கள். இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்திவைத்து, ஒரு சிலரைத் தவிர எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். அந்த மாகாணம் பெண்களுக்கு 1917லேயே ஓட்டுரிமை கொடுத்துவிட்டது. ஆனால் அங்கே குடியேறிய இந்தியருக்கும் சீனருக்கும் மாகாணத் தேர்தலில் ஓட்டுரிமை வந்தது 1947இல்தான். ரோஸ்மேரி போய் இறங்கியபோது அது முடிந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை.

அவர் என்ன செய்தார்? கோபப்பட்டார், அதோடு நிற்காமல் சங்கம் சேர்ந்தார். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக அந்த மாகாணத்தில் ஒரு சங்கம் உருவானபோது, அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வீட்டு வசதியிலும் வேலையிலும் பாகுபாடு கூடாது என்று சட்டம் கொண்டுவர வேண்டும் என்பது கோரிக்கை. மனு எழுதுவது, அதிகாரிகளைப் பார்ப்பது, கூட்டம் போடுவது, மறுபடி மனு எழுதுவது. சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும், அந்த வேலையில் பாதி நேரம் நாற்காலி எடுத்துப் போடுவதிலேயே போய்விடும்!

இதற்கு நடுவே மூன்று குழந்தைகள். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியில் இளங்கலை, அப்புறம் முதுகலை. நம் கணக்குப்படி எம்.எஸ்.டபிள்யூ. கல்யாணத்துக்குப் பிறகு, குழந்தை பிறந்த பிறகு, மறுபடி படிக்கலாமா என்று என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் பழைய மாணவிகள் இந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ளவும். படிப்பு முடித்துக் குழந்தைகள் நலத்துறையில் வேலை பார்த்தார். சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

அந்த நேரத்தில் கனடாவில் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. பெண்களின் நிலையை ஆராய 1967இல் அரசாங்கம் ஒரு ஆணையம் அமைத்தது. 1970இல் 167 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. ஆணைய அறிக்கைகளின் தலைவிதி நமக்குத் தெரியாததா? அலமாரியில் தூங்கும். அப்படித் தூங்க விடக்கூடாது என்று வான்கூவர் பெண்கள் சேர்ந்து 1971இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் பெண்களின் புகார்களைக் கேட்டு உரிய இடத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு ரோஸ்மேரியிடம் வந்தது. சம்பளக் குறைவு, விவாகரத்தில் சொத்து, வீடு, கடன் என்று எல்லா வழக்கும் அவர் மேசைக்கு வந்தது. ஒருவருக்கு உதவி செய்தால், அடுத்த வாரம் அதே பிரச்சினையோடு இன்னொருவர் வந்து நிற்பார். பிரச்சினை இவர்களிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது என்பதைச் சமூகப் பணியாளர் யாரும் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். ரோஸ்மேரி அரசியலுக்குப் போனது இந்த வழியாகத்தான்.

1972 ஆகஸ்டில் மாகாணத் தேர்தல். இருபது வருஷமாக ஒரே கட்சி ஆட்சி. அதை எதிர்த்த புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் வான்கூவர்-பர்ரார்ட் தொகுதியில் நின்றார், ஜெயித்தார். அவர் கட்சி 55 இடங்களில் 38ஐப் பிடித்து ஆட்சி அமைத்தது. கனடாவின் எந்தச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அதே தேர்தலில் இன்னொரு கறுப்பினத்தவரும் வென்றார்: எமரி பார்ன்ஸ், முன்னாள் கால்பந்து வீரர், அவரும் சமூகப் பணி படித்தவர்.

இத்தோடு வணக்கம் சொல்லி இறங்கினால் நல்ல கதை. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பிள்ளைகளே, உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆட்சி அவர் கட்சியினுடையது. அவரோ பேச்சாற்றல் உள்ளவர், தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்து ஊரறிந்த முகம். மந்திரி பதவி வரும் என்று பலரும் நினைத்தார்கள். வரவில்லை. பெண்களுக்கென்று தனி அமைச்சகம் வேண்டும் என்று அவரும் மகளிர் அமைப்புகளும் கேட்டார்கள். அதையும் சொந்தக் கட்சி முதல்வர் ஏற்கவில்லை. கதவு திறந்தது, உள்ளே விட்டார்கள், ஆனால் நாற்காலி போடவில்லை. பின்பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்யலாம்? அவர் செய்தார். பள்ளிப் பாடப்புத்தகங்களில் பெண்களை மட்டமாகக் காட்டும் பகுதிகளை நீக்கப் பாடுபட்டார். அப்பா பேப்பர் படிக்கிறார், அம்மா சமைக்கிறாள் என்ற நம் பழைய ஒன்றாம் வகுப்புப் படம் ஞாபகம் இருக்கிறதல்லவா, அது மாதிரிப் பகுதிகள். குடும்பச் சட்டத்தையும் குழந்தைகள் சட்டத்தையும் ஆராய நீதிபதி தாமஸ் பெர்கர் தலைமையில் ஆணையம் அமையவும் உழைத்தார். 1973இல் மாகாணத்துக்கு விரிவான மனித உரிமைச் சட்டம் வந்தது. வீடு கிடைக்காமல் அலைந்த பெண், வீட்டை மறுக்கக்கூடாது என்ற சட்டம் வந்த சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.

1975இல் இன்னும் பெரிய அடி எடுத்துவைத்தார். தேசிய அளவில் அவர் கட்சியின் தலைவர் பதவி காலியானது. ரோஸ்மேரி போட்டியிட்டார். கனடாவின் பெரிய கட்சி ஒன்றின் தேசியத் தலைமைக்குப் போட்டியிட்ட முதல் கறுப்பினப் பெண் அவர். பெயரை வைத்தே கோஷம் போட்டார்கள்: 'பிரவுன் இஸ் பியூட்டிஃபுல்'! வின்னிப்பெக் நகரில் மாநாடு. ஐந்து பேர் போட்டி. ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த வாக்கு வாங்கியவர் விலக வேண்டும். இவர் விலகவே இல்லை. நாலாவது சுற்றில், கடைசி இரண்டு பேரில் ஒருவராக நின்று, எட் பிராட்பென்ட் என்பவரிடம் தோற்றார். அந்தச் சுற்றில் பத்தில் நாலு பிரதிநிதிகள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

தோல்விதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1989இல் அதே கட்சி ஆட்ரி மெக்லாக்லின் என்ற பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கனடாவின் பெரிய தேசியக் கட்சி ஒன்றுக்குப் பெண் தலைவர் வந்தது அதுதான் முதல் தடவை. 1993இல் கனடா நாடாளுமன்றத்துக்கு முதல் கறுப்பினப் பெண் தேர்வானார்: கிரெனடா தீவிலிருந்து குடியேறிய ஜீன் அகஸ்டின். 2017இல் ரோஸ்மேரி கேட்ட அதே பதவிக்கு, பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த ஜக்மீத் சிங் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் 2019இல் நாடாளுமன்றத்துக்கு வென்று போனது பர்னபி தெற்குத் தொகுதியிலிருந்து. இவையெல்லாம் ரோஸ்மேரி ஒருவரால் நடந்தவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் நின்று காட்டிய இடத்தில் அடுத்தவர் நிற்பது கொஞ்சம் சுலபம்.

1975 கடைசியில் மாகாணத்தில் அவர் கட்சி ஆட்சியை இழந்தது. அவர் தன் தொகுதியில் ஜெயித்தார். பிறகு தொகுதி எல்லைகளை மாற்றியமைத்தபோது அவர் தொகுதியே இல்லாமல் போயிற்று. பர்னபி-எட்மண்ட்ஸ் என்ற வேறு தொகுதிக்குப் போய் 1979இலும் 1983இலும் ஜெயித்தார். 1983இல் அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி ஒரே மூச்சில் 26 மசோதாக்களைக் கொண்டுவந்தது. மனித உரிமைப் புகார்களை விசாரித்துவந்த அமைப்பையும் கலைத்தது. பல வருஷம் பாடுபட்டு வாங்கியதைக் கண் முன்னால் எடுத்துக்கொண்டு போனார்கள். மக்கள் பெரும் கூட்டமாகத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கிடைத்த உரிமை கிடைத்தபடியே இருக்கும் என்று நம்பித் தூங்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

மொத்தம் 14 வருஷம் சட்டமன்றம். அதில் 11 வருஷம் எதிர்க்கட்சி. ஒரு நாள்கூட மந்திரி கிடையாது. 1986இல் போதும் என்று தேர்தலில் நிற்காமல் விலகினார். அப்போது வயது 56. நம்மூரில் ரிட்டயர்மென்ட்டை எதிர்பார்க்கும் வயது. அவரோ 1987இல் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் துறையில் சிறப்புப் பேராசிரியர் இருக்கையை ஏற்றார். ஒரு காலத்தில் மாணவர் ஆலோசகராக இருந்த அதே இடம். கையில் முனைவர் பட்டம் இல்லை. முதுகலையும், மனு எழுதிய அனுபவமும், சட்டமன்ற அனுபவமும்தான். பிற்பாடு பல பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. ஒரு மசோதா எந்த அறையில் உயிர் பெறுகிறது, எந்த அறையில் சாகிறது என்பதை அந்த அறைகளில் உட்கார்ந்து பார்த்தவர் வகுப்பில் வந்து சொல்லும்போது, அதைக் கேட்ட மாணவிகள் கொடுத்துவைத்தவர்கள்.

அதன் பிறகும் ஓயவில்லை. வளரும் நாடுகளில் உள்ள பெண்கள் அமைப்புகளுக்கு உதவும் 'மேட்ச் இன்டர்நேஷனல்' என்ற நிறுவனத்தை நடத்தினார். 1993 முதல் 1996 வரை ஒன்டாரியோ மாகாண மனித உரிமை ஆணையத்தின் தலைமை ஆணையர். 1996இல் கனடாவின் உயர்ந்த விருதான 'ஆர்டர் ஆஃப் கனடா'. பிறந்த நாடான ஜமைக்காவும் விருது கொடுத்தது. 2003 ஏப்ரலில், 72ஆம் வயதில், வான்கூவரில் காலமானார். 2009இல் கனடா அஞ்சல்துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

ரோஸ்மேரி திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து ஒன்று உண்டு. நம்மில் ஒருவர் மேலே போனதை வைத்து எல்லோரும் மேலே போய்விட்டதாக நினைக்கக்கூடாது; எல்லோரும் போய்ச் சேரும் வரை யாரும் போய்ச் சேரவில்லை என்பதுதான் அது. 'முதல் பெண்' என்ற பட்டத்தை அவர் பெரிதாக நினைக்காததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். முதல் ஆளாக ஒருவரை உள்ளே விட்டு, போட்டோ எடுத்து மாட்டிவிட்டு, அடுத்தவருக்குக் கதவைச் சாத்திவிடுவது ரொம்ப சுலபம். எண்ண வேண்டியது இரண்டாவது ஆளை, பத்தாவது ஆளை.

வெளிநாட்டுக்குப் போகப் போகிற பிள்ளைகளே, உங்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே போனால் ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு சாப்பாட்டு மேசையில், நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்க நேரலாம். அப்போது ரோஸ்மேரியை நினைத்துக்கொள்ளுங்கள். தலையை நிமிர்த்திச் சாப்பிடுங்கள். அந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றவர்கள் சேர்ந்திருக்கும் சங்கம் எது என்று தேடுங்கள். ஆனால் அதோடு இன்னொன்றையும் கேளுங்கள். இங்கே, இன்றைக்கு, உங்கள் மெஸ்ஸில் யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள்? அதைப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு அங்கே போய்த் தனக்கு நடப்பதைப் பற்றி மட்டும் கண்ணீர் விட என்ன உரிமை இருக்கிறது? இந்தக் கேள்வியை உங்களைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. ஐம்பது வருஷம் தாமதமாக என்னையே கேட்டுக்கொண்டது.

முடிக்கும் முன், சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்முடைய முகவரிப் புத்தகத்தைப் போன வாரம் புரட்டினேன். எங்கள் 1973 வகுப்பில் அவள் பெயரைத் தேடினேன். இல்லை. பட்டம் வாங்கி வெளியே போனவர்களின் பெயர்தான் அதில் இருக்கிறது; பாதியில் நின்றவர்கள் நம் கணக்கிலேயே இல்லை. ஒரு வருஷம் இங்கே படித்தவளும் நம் மாணவிதானே? அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. முதல்வர் அனுமதி கொடுத்தால் நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன். ரிட்டயர் ஆனவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? ஒவ்வொரு வகுப்பிலும் பாதியில் நின்றவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுப்போம். தேடிப் போய்ப் பார்ப்போம். எத்தனை பேரைக் கண்டுபிடிக்க முடியுமோ தெரியாது. அடுத்த ஆண்டுக் கூடுகைக்கு அவர்களுக்கும் அழைப்பு போகட்டும்.

அவள் கிடைத்து, வருவதாகவும் சொன்னால், சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு ஒரு இடம் பிடித்து வையுங்கள். கடைசிப் பெஞ்சில், அவளுக்குப் பக்கத்தில். அவள் என்னை உட்காரச் சொல்வாளா என்பது அவள் விருப்பம்.